இரண்டு கிரவுண்டில் பன்னிரண்டு பேருக்கு ஒரு வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம், அதில் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்க இடம் வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. மத்திய அரசு நிதி தரும் திட்டத்தில், நோயுற்ற முதியோருக்கான தொடர் பராமரிப்பு இல்லத்துக்குக்கூடக் கணக்கு 20 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. நாங்கள் எழுதுவது 12 பேர் தங்கும் வீட்டைப் பற்றி. தண்டையார்பேட்டையிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ, இரண்டு கிரவுண்டு (4,800 சதுர அடி) மனையில், தெருவோடு தெருவாக நிற்கும் வீடு.

இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாதவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்தவர் எனப் பலர் இருக்கிறார்கள். இவர்களுக்கு மருத்துவமனைக் கட்டில் தேவையில்லை. வீட்டில் தனியே விட்டுப் போகவும் முடியாது. குடும்பத்தார் தாம்பரம் தாண்டியும் செங்குன்றம் தாண்டியும் இடம் தேடுகிறார்கள். போய்வர ஒரு நாள் ஆகும் இடத்துக்கு மாதம் ஒரு முறை போவார்கள், பிறகு அதுவும் குறையும். இரண்டு தெரு தள்ளி இருந்தால், காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஏன் 12 என்று கேட்பார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ ஊரில் 2003இல் ‘கிரீன் ஹவுஸ்’ என்ற பெயரில் திறந்த வீடுகள் 10 முதல் 12 பேருக்கானவை. பில் தாமஸ் என்ற முதியோர் மருத்துவரின் யோசனை அது. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு குளியலறை, நடுவில் திறந்த சமையலறை, எல்லோரும் உட்காரும் ஒரே நீள மேசை. சமைப்பவரே துணி மடிப்பார், அவரே குளிப்பாட்டுவார். நம் ஊருக்கு அதை அப்படியே தூக்கி வர முடியாது. ஆனால் அந்த எண் இங்கேயும் பொருந்திவருகிறது, காரணம்தான் வேறு. 8 பேருக்குக் கீழே போனால், இரவும் பகலும் செவிலியர் வைக்கும் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது யாராலும் தாங்க முடியாது. 12ஐத் தாண்டினால் அடுப்பில் அண்டா ஏறிவிடும். அண்டா ஏறிவிட்டால் ஒருவருக்கு உப்பு குறைத்து, ஒருவருக்குக் காரம் குறைத்து, இன்னொருவருக்கு மசித்துத் தருவதெல்லாம் ஒரு மாதத்தில் நின்றுபோகும்.

மனை பார்க்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் ரயில்வே கேட் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கும் நேரம் அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். மூச்சுத் திணறும் ஒருவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் 108 வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடக் கூடாது. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பியும் இருக்கக் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய மனையில் கன்டெய்னர் லாரி இரைச்சல் இரவெல்லாம் இருக்கும். மறதி நோய் உள்ளவருக்கு ஓர் இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்கக் குழப்பம். கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகை காற்றோடு வரும் தெருக்கள், நெஞ்சுச் சளிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. தெருவின் அகலத்தைப் பகல் 11 மணிக்கு அளக்காதீர்கள். ஆட்டோவும் பைக்கும் திரும்பி வந்து நிற்கும் இரவு 8 மணிக்கு அளந்து, ஆம்புலன்ஸ் வாசல்வரை வருமா என்று பாருங்கள். மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. நிலையத்திலிருந்து 10 நிமிட நடையில் வீடு இருந்தால், இரவுப் பணிக்கு வரும் பெண்களுக்கும் அது உதவி.

அடுத்தது பேஸ்மட்டம், அதாவது தெருவிலிருந்து தரைத்தளம் நிற்கும் உயரம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் வெள்ளமும் மறந்திருக்காது. போதாததற்கு, பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டு நம் தெருக்கள் உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குப் போயிருக்கின்றன. இன்றைய சாலை மட்டத்திலிருந்து தரைத்தளம் 3 அடியாவது உயர வேண்டும். இங்கேதான் சிக்கல். 3 அடி ஏற 1:12 சரிவில் (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) 36 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதை ஒரே ஓட்டமாகப் போட முடியாது. 18 அடி ஏறி, 5 அடி சமதளத்தில் நின்று, திரும்பி இன்னொரு 18 அடி ஏறும்படி மடித்துப் போட வேண்டும். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் நழுவாமலிருக்க 2 அங்குலக் கட்டை. ஆக மொத்தம் சுமார் 8½ அடிக்கு 28 அடி இடம் போய்விடும். ‘இவ்வளவு இடமா?’ என்று பாதியாகக் குறைத்து 1:6இல் போட்டுவிடுகிறார்கள். 60 கிலோ ஆளும் 18 கிலோ வீல்சேரும் சேர்ந்த எடையை 1:12 சரிவில் ஏற்ற ஏறக்குறைய 6½ கிலோ விசை போதும். 1:6இல் அது 13 கிலோ. ஏற்றுவதைக்கூடச் சமாளிக்கலாம், இறக்கும்போதுதான் வண்டி கையை விட்டு ஓடும். மேலே 5 அடிச் சமதளம் விடாமல் கதவை வைத்தால், சரிவில் வண்டியைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறக்க மூன்றாவது கை வேண்டும்.

பேஸ்மட்டத்தை உயர்த்திவிட்டால் வெள்ளம் வராது என்று எண்ண வேண்டாம். தெருச் சாக்கடை நிரம்பினால் தரைத்தளக் கழிப்பறை வழியாகவே எதிர்த்துக்கொண்டு வரும். தெரு இணைப்புக்கு முந்தைய கடைசிச் சேம்பரில் (கழிவுநீர்த் தொட்டியில்), தண்ணீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டு, ஆண்டுதோறும் செப்டம்பரில் திறந்து சுத்தம் செய்யுங்கள். டயப்பர் நார் சிக்கினால் வால்வு மூடாது. ஜெனரேட்டரைக் காலியிடத்தில் தரையில் வைப்பதும் மின்பலகையைப் படிக்கட்டுக்கு அடியில் வைப்பதும் மழை வரும்வரைதான் வசதி.

தளத்துக்கு 6 அறை, இரண்டு தளம். மூன்று தளம் கட்டி ஒரு கிரவுண்டிலேயே முடிக்கலாமே என்று தோன்றும். மனைச் செலவு மிச்சமாவது உண்மைதான். ஆனால் இரவில் தளத்துக்கு ஓர் ஆள் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். மாடி ஒன்று கூடினால் காலம் முழுக்க ஓர் இரவுச் சம்பளம் கூடும். அறை 10 அடிக்கு 12 அடி. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது, இரண்டு பக்கமும் 3 அடி வேண்டும். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். இடமில்லை என்றால் ஒரு பக்கமாக இழுப்பார்கள். இழுக்கும்போது தோல் உரியும், படுக்கைப்புண் அங்கேதான் ஆரம்பம். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோம், புரட்ட வேண்டியதில்லை என்று நினைப்பது பெரிய தவறு.

லிஃப்ட் விஷயத்தில் விற்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். 6 பேர் லிஃப்டின் உள்ளளவு 1,100க்கு 1,000 மில்லிமீட்டர். அதில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. மருத்துவமனை வகையில் 15 பேர் லிஃப்டுக்கு உள்ளளவு 1,000க்கு 2,400. அதற்கு இடமோ பணமோ இல்லையென்றால், படுத்த படுக்கையானவர்கள் எல்லோருக்கும் கீழ்த்தளம், வீல்சேரில் உட்கார முடிந்தவர்களுக்கு மேல்தளம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மழை பிடித்த இரவில் லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி வையுங்கள். குழிக்குள் தண்ணீர் இறங்கினால் பெட்டி நனையாமலாவது இருக்கும்.

குளியலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விழுவது அங்கேதான். அளவு 7 அடிக்கு 8 அடி. அறைத் தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டம். நடுவில் கட்டை கூடாது. அதற்கு அந்த இடத்துத் தளக் கான்கிரீட்டை 8 அங்குலமாவது தாழ்த்தி ஊற்ற வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் மறந்துவிட்டால் பிறகு வழியே இல்லை. குழாயை மறைக்கத் தரையை உயர்த்துவார்கள், வாசலில் 2 அங்குலப் படி முளைக்கும், அந்த 2 அங்குலத்தில்தான் கால் தட்டும். தண்ணீர் ஓடத் தரைக்கு வாட்டம் 1:80, அதாவது 8 அடிக்கு ஏறக்குறைய 1¼ அங்குலம். தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க வாசலோரம் நீளவாட்டில் ஒரு வடிகால் கம்பித்தட்டு. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் கதவை உடைத்துத்தான் நுழைய முடியும்.

கழிவறை இருக்கை 18 முதல் 19 அங்குல உயரம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 15 அல்லது 16, அதற்கு அடியில் மேடை கட்டிக்கொள்ளலாம். பக்கச் சுவரிலிருந்து இருக்கையின் நடுப்பகுதி 18 அங்குலத்தில் இருந்தால் சுவர்க் கம்பி கைக்கு எட்டும். கம்பி தரையிலிருந்து 28 அங்குல உயரம், 1¼ முதல் 1½ அங்குலப் பருமன், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 1½ முதல் 2 அங்குல இடைவெளி. இடைவெளி இதற்குமேல் போனால் வழுக்கும் கை உள்ளே நுழைந்து முழங்கை சிக்கும். அளவெல்லாம் சரியாக இருந்தும் கம்பி பிடுங்கிக்கொண்டு வருவதற்குக் காரணம் சுவர். ஏஏசி என்ற எடை குறைந்த நுரைக் கான்கிரீட் பிளாக்கிலும் உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக்கிலும், கம்பியை இறுக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்காது. குளியலறைச் சுவரில் மட்டும் 2 அடியிலிருந்து 3½ அடி வரை சுற்றிலும் செங்கலோ கான்கிரீட் பட்டையோ வைத்துக் கட்டச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் கொத்தனாரை வைத்தே போட்டோ எடுத்து அளவு குறித்துவைத்தால், பிறகு துளை போடும்போது குழாயில் குத்தாது. ஒன்று நிச்சயம்: சறுக்கும்போது கை எதைத் தொடுகிறதோ அதைத்தான் பிடிக்கும். டவல் கம்பியானாலும் சோப்புத் தட்டானாலும் ஆளைத் தாங்கும்படி மாட்டுங்கள், இல்லையென்றால் மாட்டவே வேண்டாம்.

வலக்கை விழுந்தவருக்கும் இடக்கை விழுந்தவருக்கும் ஒரே அமைப்பு உதவாது. தளத்துக்கு 6 குளியலறையில் 3ஐ வலமாகவும் 3ஐ இடமாகவும், கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிக் கட்டினால் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. அறை ஒதுக்கும்போது அருமை தெரியும். நம்மவர்கள் ஷவருக்கு அடங்க மாட்டார்கள், மொண்டு ஊற்றினால்தான் குளித்தமாதிரி. ஆகவே வாளியை 18 அங்குலத் திண்டின்மேல் வையுங்கள். உட்கார்ந்தபடியே, குனியாமல், சொம்பால் மொள்ளலாம். வெந்நீர் உடம்பில் படும்போது 43 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர் சூட்டை உணர்ந்து சொல்ல மாட்டார், தோல் சிவந்த பிறகுதான் நமக்குத் தெரியும். வெந்நீரையும் தண்ணீரையும் தானே கலக்கும் வால்வு போடலாம். ஆனால் போர்த் தண்ணீர் உப்பு அதை அடைத்துவிடும், மாதம் ஒரு முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காவிட்டால் போட்டும் போடாத கணக்கு.

வெள்ளை டைல்ஸ், வெள்ளை இருக்கை, வெள்ளைக் கம்பி என்று பளிச்சென்று செய்துவிட்டு, ‘பாட்டி இருக்கைக்குப் பக்கத்தில் உட்காருகிறார்’ என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. கண்புரை உள்ளவருக்கு எல்லாம் ஒரே வெள்ளை. இருக்கையையும் கம்பியையும் அடர்நிறத்தில் வையுங்கள். தரை மினுமினுத்தால் ஈரம் என்று நினைத்துக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். கறுப்புக் கால்மிதி, மறதி நோய் உள்ளவர் கண்ணுக்குக் குழியாகத் தெரியும். கட்டிலில் படுத்தபடி பார்த்தால் கழிவறை இருக்கை தெரிய வேண்டும். கண்ணில் பட்டால் எழுந்து போவார்கள், படாவிட்டால் படுக்கையிலேயே ஆகிவிடும். இரவில் கட்டிலிலிருந்து அங்குவரை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு. அழைப்புமணிக் கயிறு தரைக்கு 4 அங்குலம் மேல்வரை தொங்க வேண்டும், விழுந்தவர் கை எழும்பாது.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. எஸ்எஸ் கம்பி என்று கடையில் 202 தரத்தைத் தந்துவிடுவார்கள், அது சீக்கிரமே துருப்பிடிக்கும். வெளிச் சாய்தளத்துக்கு 316 கேளுங்கள், உள்ளே 304 போதும். கடலோரக் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரமும், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் இந்தியத் தர விதியிலேயே இருக்கின்றன. மேஸ்திரி ‘ஓரங்குலம் போதும் சார்’ என்பார், விட்டுக்கொடுக்க வேண்டாம். தண்ணீர் தலைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று வையுங்கள், ஏனென்றால் விரிப்புத் துவைப்பது வீட்டுக் கணக்கில் அடங்காது. ஆட்களையும் சேர்த்துச் சுமார் 3,000 லிட்டர் ஆகும். மூன்று நாளுக்குச் சம்ப் 9,000. குடிநீர் வாரிய லாரி ஒன்றை அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

மின்சாரம் போனால் என்னென்ன ஓட வேண்டும்? 28 வாட் மின்விசிறி 14, விளக்குகள், இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜ், ஏர் பெட் 4, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் 2. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,500 வாட். 150 ஏஎச் பேட்டரி நான்கு வைத்த இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் ஜெனரேட்டர். பேட்டரி மூன்றாவது ஆண்டில் பாதியாகிவிடும். மாதம் ஒரு நாள் மெயினை அணைத்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று எழுதிவைப்பதுதான் ஒரே வழி. இவை எல்லாம் கைவிட்டாலும் ‘பி’ வகை ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஒருவருக்கு 12 மணி நேரம் வரும். ஆக்சிஜன் ஓடும் அறையில் கற்பூரமும் ஊதுவத்தியும் கூடாது. இதைச் சொன்னால் வீட்டார் கோபப்படுவார்கள். சாமி அலமாரியைக் கூடத்தில் வைத்தால் சண்டை வராது.

வீட்டை வீடாக்குவது சமையலறைதான். கூடத்தை ஒட்டித் திறந்தாற்போல் வையுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் இடுப்பளவு கட்டை. தாளிக்கிற வாசனை வந்தால் பசி எடுக்கும், சாப்பிட அழைக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து டப்பாவில் வரும் சாப்பாட்டில் இது கிடையாது. மேசையில் 30 அங்குல உயரத்தில் கீரை ஆயவும் சின்ன வெங்காயம் உரிக்கவும் இடம் இருந்தால், பெயர் மறந்தவரின் விரல்கூட வேலையை மறந்திருக்காது. வடசென்னை வீட்டில் மீன் இல்லாமல் முடியாது. ஆனால் முள்ளை எடுத்துப் பிசைந்து தர ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சௌகார்பேட்டையிலிருந்து வருபவருக்குப் பூண்டுகூட ஆகாது, தனிப் பாத்திரம் வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரும் நீர்த்த ரசமும்தான் ஆபத்து, மூச்சுக்குழலில் இறங்கும். கஞ்சியைச் சற்றுக் கெட்டியாக்கி, நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். பல இல்லங்களில் மாலை 6 மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடுகிறது, காலை 8 வரை 14 மணி நேரம் வெறும் வயிறு. இன்சுலின் போட்டவருக்கு விடியற்காலை சர்க்கரை இறங்குவது இதனால்தான். 9 மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சமையல் பட்டியலில் எழுதப்பட்டே இருக்கட்டும். கிழமைதோறும் எடை பார்த்து எழுதுங்கள். உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் தராசில் தெரிந்துவிடும்.

வாசலில் திண்ணை கட்டாயம். சாய்தளத்தின் மேல் சமதளத்தையே கொஞ்சம் நீட்டினால் திண்ணையாகிவிடும். இன்னொன்று, மறதி முற்றினால் பின்னால் படித்த மொழி போய்த் தாய்மொழி மட்டும் மிஞ்சும். இந்தப் பகுதியில் அது பலருக்குத் தெலுங்கு அல்லது உருது. ஆள் எடுக்கும்போது இதையும் கேட்டு எடுங்கள். ‘ஏழாம் ரூம்’ என்று ஆளைக் கூப்பிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். ஆயா, நைனா, அம்மா, பாய், டீச்சர் என்று அவரவர் தெருவில் எப்படி அழைத்தார்களோ அப்படியே இங்கேயும்.

இனி ஆள் கணக்கு. ஒரு செவிலியர் 24 மணி நேரமும் இருக்க வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் 6 ஷிப்ட் பார்ப்பார் என்றால் மூன்றரை ஆள், லீவு சேர்த்து 4. பராமரிப்பாளர் காலையில் 3, மாலையில் 3, இரவில் 2. வாரத்துக்கு 56 ஷிப்ட், லீவு சேர்த்து 11 பேர். சமையலுக்கு 2, துணிக்கும் சுத்தத்துக்கும் 2. பன்னிரண்டு பேரைப் பார்க்க 19 பேர்! செவிலியருக்கு 22,000, பராமரிப்பாளருக்கும் சமையலுக்கும் 15,000, துப்புரவுக்கு 12,000 என்று வைத்துக்கொண்டால் சம்பளம் மட்டும் 3,07,000 ரூபாய். தலைக்கு 25,500க்கு மேல். ஓர் அறை காலியானால் மற்றவர்கள் தலையில் மேலும் 2,300 ஏறும். சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், டயப்பர் எல்லாம் இதற்கு மேல். வாடகையை இன்னும் சேர்க்கவே இல்லை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர் சமாளிக்கலாம். மூட்டை தூக்கியவரும் மீன் விற்றவரும் என்ன செய்வார்கள்?

செலவைக் குறைக்க எல்லோரும் முதலில் கை வைப்பது இரவு ஆளில்தான். இரண்டு பேரை ஒருவராக்குவார்கள். அந்த ஒருவர் காலைப் பணிக்காரர் வருவதற்குள் எல்லோரையும் குளிப்பாட்டி முடிக்க வேண்டுமென்று 4 மணிக்கே எழுப்பத் தொடங்குவார். எழுந்து நடப்பவரைக் கட்டிலோடு கட்டுவார், அல்லது தூக்க மாத்திரை கேட்பார். மாத்திரை போட்டவர்தான் கழிவறைக்குப் போகும்போது விழுவார். குளியலைக் காலைக்கும் மாலைக்கும் ஆறாறு பேராகப் பிரித்தாலே காலைச் சுமை பாதியாகும். மாலையில் குளித்துப் பழகியவர்கள் நம்மில் ஏராளம்.

கட்டிவைப்பதைப் பற்றி எழுதும்போது 2001 ஏர்வாடியை எழுதாமல் இருக்க முடியவில்லை. சங்கிலியில் இருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் எரிந்தார்கள். முதியோர் வீட்டில் தீப்பிடித்தால் எல்லோரையும் படியில் இறக்க முடியாது. ஒவ்வொரு தளத்தையும் நடுவில் சுவரும் ஒரு மணி நேரம் தாங்கும் தீத்தடுப்புக் கதவும் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். கட்டிலோடு அடுத்த பாதிக்குத் தள்ளிவிட்டுத் தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்கலாம். அதற்குக் கதவு 4 அடி அகலம் வேண்டும். கேஸ் சிலிண்டர் வெளியே கூண்டில். இரவில் கிரில் கேட்டைப் பூட்டினால், சாவி பணியில் இருப்பவர் இடுப்பில். ஆபீஸ் மேசை டிராயரில் இருக்கும் சாவி இல்லாத சாவி.

யாரும் பேச விரும்பாத ஒன்று, சாவு. இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் இங்கேயே கண்மூடுவார்கள். மரணச் சான்றிதழில் காரணம் எழுதிக் கையெழுத்திட அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவரோடு முதலிலேயே பேசிவைக்க வேண்டும். அவர் மாதம் ஒரு முறையாவது வந்து எல்லோரையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காத நோயாளிக்கு நள்ளிரவில் எவரும் கையெழுத்திட மாட்டார். வெளியூரிலிருந்து பிள்ளை வரும்வரை ஐஸ் பெட்டி வைக்கக் கீழ்த்தளத்தில் ஓர் அறைக்கு 15 ஆம்பியர் பிளக் கொடுத்துவையுங்கள். பின்வாசல் வழியாக ரகசியமாக எடுத்துப் போக வேண்டாம். மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும், பூப்போடட்டும். ஒளித்து எடுத்தால் மறுநாள் காலை ‘அவர் எங்கே?’ என்ற கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் கேட்பது மூன்று. நிதியுதவித் திட்டத்தில் 20 பேர் என்ற வரம்பை, அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு சிறு வீடுகளைச் சேர்த்து எண்ணும்படி மாற்ற வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களும் இயன்முறை மருத்துவரும், மற்ற வீடுகளுக்குப் போவதுபோலவே இந்த வீட்டுக்கும் வர வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களிலும் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் ஒவ்வொன்றை வாடகையின்றித் தர வேண்டும், 12 அறையில் 4 அறை கட்டணமில்லாதவர்களுக்கு என்ற நிபந்தனையோடு.

கட்டடத்தை ஒப்படைக்கும் முன் அதிகாரிகள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மூன்று அளவு எடுக்கட்டும்: சாலையிலிருந்து தரைத்தளம் எத்தனை அடி உயரம், பக்கவாட்டில் சாய்தளத்துக்கு 8½ அடி இருக்கிறதா, கழிவுநீர்ச் சேம்பரின் அடி தெருக் குழாயைவிட மேலே இருக்கிறதா. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பில் பணிபுரியும் ஒரு கட்டடப் பொறியாளர், இரு செவிலியர், ஓர் இயன்முறை மருத்துவர்
தண்டையார்பேட்டை, சென்னை